சில்லறையாகவும் நடக்கலாம்

ஏற்காட்டிலிருந்து கரடியூருக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் காப்பித் தோட்டங்கள். நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள் ஏறியிருக்கின்றன. விடுமுறை நாள்களில் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வரும் கார்கள் கரடியூர் காட்சிமுனையை நோக்கி வரிசையாக ஏறுகின்றன. காரிலிருந்து இறங்குவோர் நடைக் காலணி அணிந்திருக்கிறார்கள். மணிக்கட்டில் காலடிகளை எண்ணும் கடிகாரம். சேலத்தில் கல்லூரி ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் அண்மையில் அங்கே போயிருந்தேன்.

வழியில் தேநீர்க் கடை ஒன்றில் நின்றோம். கடையை நடத்தும் பெண்மணிக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். இளம் வயதில் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தவர். முழங்கால் வலி வந்த பிறகு, பதினைந்து ஆண்டுகளாக இந்தக் கடைதான். விடியற்காலை முதல் இரவு வரை அடுப்புக்கும் முக்காலிக்கும் இடையிலான நான்கடி தூரமே அவருடைய உலகம். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, எடையைக் குறைக்க வேண்டும், தினமும் காலையில் 45 நிமிடம் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கள் காலணிகளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "காலைலதாங்க மேடம் பால் காயுது, புள்ளைக்குச் சோறு கட்டணும், மொத பஸ்ஸுக்கு டீ போடணும். இருட்டோட போலாம்னா ரோட்டுல காட்டெருமை நிக்குது. நான் எப்பங்க நடக்கறது?"

இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. வீடு திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனெனில் இது ஒரு தேநீர்க் கடையின் கேள்வி மட்டுமன்று.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்கிறது. அதற்கு முந்தைய சுற்றில் இது 30.9 விழுக்காடு. சில ஆண்டுகளிலேயே பத்து விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருக்கின்றன. அகில இந்தியச் சராசரி 24 விழுக்காடுதான். இந்தக் கணக்கு உடல் நிறை குறியீட்டெண் 25-ஐத் தொடக்கமாகக் கொண்டது. தெற்காசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்பது இந்திய மருத்துவர்களின் பரிந்துரை. அந்த அளவுகோலை வைத்தால் எண்ணிக்கை இன்னும் பெரிதாகும். நீரிழிவிலும் நாம் பின்தங்கவில்லை: 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டின் பங்கு 14.4 விழுக்காடு, நாட்டின் சராசரி 11.4.

உடலுழைப்பிலும் இதே நிலைதான். 2024-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்களில் 42 விழுக்காடு. இந்தப் பதினைந்து புள்ளி இடைவெளியைப் பெண்களின் சோம்பல் என்று விளக்குபவர்கள், மத்திய புள்ளியியல் துறையின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வையும் படிக்க வேண்டும். ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். மருத்துவர் கேட்கும் 45 நிமிடம் எங்கே மறைந்திருக்கிறது என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

'வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே' என்றொரு வாதம் உண்டு. பெரும்பாலும் வீட்டு வேலை செய்யாதவர்களே இதைச் சொல்கிறார்கள். நின்றுகொண்டு சமைக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல், சும்மா அமர்ந்திருப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்குதான். விரைவாக நடந்தால் நான்கு மடங்குக்கு மேல். சமையலறை ஒருத்தியைக் களைப்படையச் செய்யும். ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது போதுமான சவால் அல்ல. பெண்களுக்கு நேரும் இரட்டை இழப்பு இது: களைப்பும் மிஞ்சுகிறது, பயிற்சியின் பலனும் கிட்டுவதில்லை.

அப்படியானால் 45 நிமிடத்தை ஒரே மூச்சில் நடந்தே ஆக வேண்டுமா? இந்தக் கேள்வியை, உட்கார்ந்த வாழ்க்கை வாழும் அதிக எடையுள்ள பெண்களிடமே சோதித்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. நம் மருத்துவ அறைகளில் இவற்றை யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஜாகிசிச் குழுவினர் 1995-இல் 56 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் நாள்தோறும் ஒரே தொடர்ச்சியாக நடந்தனர். மற்றப் பிரிவினர் அதே நேரத்தைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டனர். உணவுக் கட்டுப்பாடு இரு பிரிவுக்கும் ஒன்றே. இருபது வாரங்களின் முடிவில், துண்டு துண்டாக நடந்தவர்கள் சராசரியாக 87 நாள்கள் பயிற்சி செய்திருந்தனர்; தொடர்ச்சியாக நடந்தவர்கள் 69 நாள்கள். இதய-நுரையீரல் திறன் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில், ஐந்து விழுக்காட்டையொட்டி, உயர்ந்தது. எடைக் குறைப்பிலும் துண்டு நடையாளர்கள் பின்தங்கவில்லை.

சில்லறைக் காசாகச் சேர்த்தாலும் நூறு ரூபாய் நூறு ரூபாய்தான் என்று இதோடு கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அதே குழு 1999-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு சற்றுக் கசப்பான உண்மையையும் சொல்கிறது. இம்முறை 148 பெண்கள், பதினெட்டு மாதங்கள், மூன்று பிரிவுகள். தொடர் நடையினர் இழந்த எடை 5.8 கிலோ. துண்டு நடையினர் இழந்தது 3.7 கிலோ. மூன்றாவது பிரிவினருக்குத் துண்டு நடையோடு, வீட்டிலேயே பயன்படுத்த டிரெட்மில் இயந்திரமும் கொடுக்கப்பட்டது. அவர்கள் இழந்தது 7.4 கிலோ. உடல்திறன் மூன்று பிரிவிலும் வேறுபாடின்றி உயர்ந்தது. முதல் சில மாதங்களின் உற்சாகம் வடிந்த பிறகு, துண்டாக நடப்பது மட்டும் யாரையும் தாங்கிப் பிடிக்கவில்லை. நடக்கும் இடம் கையெட்டும் தூரத்தில் இருந்தவர்களே நிலைத்து நின்றார்கள். பிரிவுகளைக் கடந்து கணக்கிட்டபோது, வாரத்துக்கு 200 நிமிடத்துக்கு மேல் விடாமல் பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 13.1 கிலோ இழந்திருந்தனர்; 150 நிமிடத்துக்கும் குறைவாகச் செய்தவர்கள் 3.5 கிலோ மட்டுமே. அந்த நிமிடங்கள் எப்படிப் பிரிக்கப்பட்டன என்பதைவிட, மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதே எடையில் தெரிந்தது.

வேகத்தைப் பற்றியும் கேட்கலாம். 2003-இல் இதே குழு 201 பெண்களைக் கொண்டு மிதமான பயிற்சியையும் கடுமையான பயிற்சியையும் ஓராண்டு ஒப்பிட்டது. உணவுக் கட்டுப்பாட்டோடு எல்லாப் பிரிவினரும் 6 முதல் 9 கிலோ வரை இழந்தனர். வேகத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எழவில்லை. உலக சுகாதார நிறுவனமும் தன் முந்தைய நிலையைத் திருத்திக்கொண்டது. ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற நிபந்தனை 2010-ஆம் ஆண்டு வழிகாட்டியில் இருந்தது. 2020-இல் அது நீக்கப்பட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம் வேண்டும்; அது எப்படிச் சேர்ந்தாலும் சரி. ஆயினும் 'காலையில் 45 நிமிடம்' என்ற வாக்கியம் நம் மருந்துச் சீட்டுகளில் மாறாமல் இருக்கிறது.

இனி எடைக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கதையையும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன். வாரந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் எடை பார்த்துப் பலகையில் எழுதுவார்கள். மூன்று மாதத்தில் மாடிப்படி ஏறும்போது வாங்கிய மூச்சு நின்றது, தூக்கம் சீரானது. பலகையில் மட்டும் ஒரு கிலோகூட அசையவில்லை. பயிற்சியாளரின் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தைத் தாங்க முடியாமல் நின்றுவிட்டேன். என் உடல் எனக்கு நன்மையைத்தான் செய்துகொண்டிருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

அமெரிக்காவில் 464 பெண்களைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மாதவிடாய் நின்ற, உட்கார்ந்த வாழ்க்கை வாழ்ந்த, அதிக எடையும் உயர்ந்த இரத்த அழுத்தமும் உள்ள பெண்கள் அவர்கள். ஒரு பிரிவினர் பரிந்துரைக்கப்பட்ட அளவில் பாதி, அடுத்த பிரிவினர் முழு அளவு, மூன்றாம் பிரிவினர் ஒன்றரை மடங்கு பயிற்சி செய்தனர். ஆறு மாதத்தில் உடல்திறன் முறையே 4.2, 6.0, 8.2 விழுக்காடு உயர்ந்தது. வாரத்துக்குச் சுமார் 72 நிமிடம் மட்டுமே பயிற்சி செய்தவர்களிடமும் முன்னேற்றம் தெரிந்தது. எடையிலோ பயிற்சி செய்யாதவர்களோடு ஒப்பிடக் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. கேன்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பதினாறு மாதம் பயிற்சி செய்த ஆண்கள் ஐந்து கிலோ இழந்தார்கள். பெண்கள் எடை மாறாமல் இருந்தார்கள். தோல்வி போலத் தோன்றும். ஆனால் பயிற்சி செய்யாத பெண்களுக்கு அதே காலத்தில் ஏறத்தாழ மூன்று கிலோ கூடியிருந்தது. ஏறாமல் நிறுத்தியதும் ஒரு சாதனைதான். எடை இயந்திரத்துக்கு அதைச் சொல்லத் தெரியாது.

இதற்கு அயல்நாட்டுச் சான்றை மட்டும் தேட வேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கு வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, பலன் பெற்றவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப்போயிற்று. இவ்வளவு முக்கியமான ஆய்விலும் பெண்கள் 110 பேர்தான் என்பதை ஒரு முணுமுணுப்போடு பதிவு செய்கிறேன்.

எடை குறைய வேண்டுமானால் தட்டில் கைவைத்தாக வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் பெண்களுக்குப் பல கிலோ குறைந்த இடங்களிலெல்லாம் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்தே இருந்தது. சேர்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் இருந்த தட்டில் இன்று மூன்று வேளையும் அரிசி. இடையிடையே சர்க்கரை போட்ட தேநீர். தேநீர்க் கடைக்காரருக்கு இது தொழில் சார்ந்த ஆபத்தும்கூட.

அதற்காகப் பழைய மலைவாழ்வை ஏக்கத்தோடு பாட நான் தயாரில்லை. விறகுச் சுமையோடு ஏறி, தண்ணீர்க் குடத்தோடு இறங்கிய மலைப் பெண்களுக்கு உடற்பருமன் இல்லாதிருந்திருக்கலாம். தேய்ந்த முழங்காலும் தள்ளிய கருப்பையும் இருந்தன. எரிவாயு, குழாய்த் தண்ணீர், பேருந்து, இருசக்கர வாகனம் எல்லாம் அவர்கள் உடலிலிருந்து இறக்கிவைத்த பாரங்கள். அவற்றைத் திரும்ப ஏற்றச் சொல்வது அறியாமை. பாரம் இறங்கியபோது கிடைத்திருக்க வேண்டிய நேரம் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் பிரச்சினை.

மலைக்கென்று ஒரு சாதகமும் உண்டு. சரிவேறி நடப்பதற்கு, சமவெளி நடையைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரு மடங்கு ஆற்றல் தேவை. கரடியூர் மேட்டில் பத்து நிமிடம், சேலம் நான்கு ரோட்டில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பெறும். இறங்குவதும் வீணன்று. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு திசைக்கு மட்டும் கம்பிவட ஊர்தியைப் பயன்படுத்தி ஏறுவதையும் இறங்குவதையும் தனித்தனியே சோதித்தார்கள். இறங்கி மட்டுமே நடந்தவர்களுக்கும் சர்க்கரையைக் கையாளும் திறன் மேம்பட்டிருந்தது. ஆனால் இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும். வலி உள்ளவர்கள் மெல்ல இறங்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. தமிழ்நாட்டுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பருமனான உடலுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். நாலடி ஏறியதும் மூச்சுத் திணறும் பெண்ணிடம் 'பழகினால் சரியாகிவிடும்' என்பதற்கு முன் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்படி மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது, அந்தப் பாதையருகே குடியிருப்பவருக்கும் அங்கே போய்வர வண்டியும் நேரமும் உள்ளவருக்குமே பாதை. மலைமேல் இருக்கும் பெண்ணுக்கு அது இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே இருக்கிறது. எட்டு கிலோமீட்டரை ஒரே இடத்தில் விரிப்பதைவிட, எண்பது ஊர்களில் நூறு மீட்டர் அகன்ற சாலையோரம், இரண்டு விளக்குக் கம்பம், வாகனம் வராத ஒரு பள்ளி மைதானம் என்று சிதறிக் கொடுப்பது மேல். 1999 ஆய்வின் டிரெட்மில் உணர்த்தியது அருகாமையைத்தான். டிரெட்மில்லை வீட்டுக்கு வீடு தர முடியாது, தெருவைத் தரலாம். ஏற்காட்டுச் சாலைகளில் வார இறுதி வாகன நெரிசலின்போது ஒதுங்கி நடக்க ஒரு முழ இடம்கூட இல்லாத பகுதிகள் பல. கோடை விழாவுக்கு ஆண்டுதோறும் மலர்களால் உருவங்கள் செய்கிற கவனத்தில் சிறு பகுதி இதற்குக் கிடைக்கலாம்.

அடுத்தது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. தன்னார்வப் பெண் ஊழியர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அதே வாசலில் நின்று அவர்கள் இன்னும் இரண்டைச் செய்யலாம். எடைக்குப் பதிலாக ஓர் அளவு நாடாவால் இடுப்பைச் சுற்றிப் பார்ப்பது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது. எடை அசையாவிட்டாலும் இந்த இரண்டும் அசையும். அசைவதைக் கண்ணால் பார்த்த பெண் அவ்வளவு எளிதில் நின்றுவிட மாட்டாள். நான் நின்றதைப் போல.

மூன்றாவது விஷயத்துக்கு அரசாணை இல்லை. 289 நிமிடத்துக்கும் 88 நிமிடத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தை எந்த நடைபாதையும் நிரப்பாது.

சில வாரங்கள் கழித்து மீண்டும் அந்தக் கடைக்குப் போனேன். படித்ததையெல்லாம் சொல்லவில்லை. மூன்று வேளை, பத்துப் பத்து நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற அளவு வேகம், முதலில் இரத்தப் பரிசோதனை என்று முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். காலைப் பேருந்துகள் போன பிறகு மேட்டு வளைவு வரை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, பள்ளி விடும் நேரத்தில் பிள்ளையை அழைத்துவர ஒரு தடவை என்று அவரே பிரித்துக்கொண்டிருக்கிறார். "எடை அப்படியேதாங்க இருக்குது. மேட்டுல நின்னு நின்னு போவேன், இப்ப நிக்கறதில்லைங்க" என்றார். அந்தப் பத்து நிமிடங்களில் கல்லாவில் அவர் கணவர் உட்கார்கிறார். தேநீர் கேட்டால் மட்டும், "இருங்க, அவ வந்துருவா" என்கிறார்.